அவசியம் என்னும் சாக்கு

‘அவசியம்’ வடமொழியிலிருந்து வந்தது. ஒருவர் வசத்தில் இல்லாதது என்பது வேர்ப்பொருள். அப்படியானால், அவசியத்தால் செய்தேன் என்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேறு வழி உம் வசத்தில் இருந்ததா, இல்லையா? இதைக் கேட்காமல் விட்டதன் விலையைப் பாகிஸ்தான் அளவுக்குக் கொடுத்த நாடுகள் குறைவு. 1954 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். சபைத் தலைவர் மௌல்வி தமீசுதீன் கான் சிந்து தலைமை நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார். தலைமை நீதிபதி முகமது முனீரின் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சபை இயற்றும் எந்தச் சட்டத்துக்கும் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் வேண்டும் என்பது அது சொன்ன காரணம். ஒப்புதல் வாங்காத பழைய சட்டங்கள் பலவும் இதனால் அந்தரத்தில் தொங்கின. அவற்றைக் காப்பாற்ற, 1955 மே மாதம் அதே நீதிமன்றம், 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிராக்டனைத் துணைக்கு அழைத்தது; சட்டப்படி ஆகாததும் அவசியம் வந்தால் ஆகும் என்றது.

நாடு சட்டமே இல்லாமல் நின்றிருக்குமே என்று முனீருக்காக வாதாடுவோர் உண்டு. நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்தது யார்? ஒப்புதல் தேவையில்லை என்று நீதிபதி கார்னீலியஸ் தனித்து நின்று எழுதியிருந்தார். அந்த வழி திறந்தே கிடந்தது. தானே வெட்டிய பள்ளத்தைக் காட்டி, தாண்டியே ஆக வேண்டும் என்பது அவசியம் ஆகாது.

துப்பாக்கி முன்னால் நீதிபதி என்ன செய்வார் என்பது இன்னும் வலுவான கேள்வி. 1977இல் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியையும், 2000இல் முஷாரஃபின் ராணுவ ஆட்சியையும் உச்ச நீதிமன்றம் இதே அவசியத்தைச் சொல்லித்தான் ஏற்றது. முஷாரஃபுக்கு மூன்றாண்டு அவகாசமும் கொடுத்தது. டாங்கியை நீதிமன்றம் தடுக்க முடியாது, சரி. அதற்குச் சான்றிதழ் எழுதித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! 2000 ஜனவரியில் முஷாரஃபின் ஆணைப்படி பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்துத் தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கியும் சக நீதிபதிகள் சிலரும் வெளியேறினார்கள். மறுப்பது அவர்கள் வசத்தில் இருந்தது என்றால் மற்றவர்கள் வசத்திலும் இருந்தது.

நீதிமன்றம் திருந்தவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1972இல், ராணுவ ஆட்சியாளராக இருந்த யாஹ்யா கானை ஆட்சியை அபகரித்தவர் என்றது. 2009 ஜூலையில், முஷாரஃபின் 2007 நவம்பர் நெருக்கடி நிலையைச் சட்டவிரோதம் என்றது. இரண்டு தீர்ப்புகளும் வந்தபோது அந்த இருவரும் பதவியில் இல்லை.