திரையில் விரிந்த கடல்

மன்னார்க் கரையில் வளர்ந்த என் மாணவன் ஒருவன் அண்மையில் கணினிப் போர் விளையாட்டொன்றைக் காட்டினான். காலம் 1942 ஏப்ரல். பிரித்தானியக் கப்பற்பிரிவுகள் மூன்றும் அவன் வசம். கொழும்பிலிருந்த பிரிவைத் திருகோணமலைக்கு அனுப்பத் தலைமன்னாருக்கு அப்பால் குறுக்குவழி தேடினான்.

"தம்பி, உங்கள் ஊர் மணல் திட்டுகளை மறந்துவிட்டாயோ?" என்றேன். பெருங்கப்பல்கள் இலங்கையைத் தெற்கே சுற்றியே செல்லவேண்டும்.

உண்மைப் போரிலும் தொல்லை தூரமும் வேகமுமே. அட்மிரல் சோமர்வில் விரைவான கப்பல்களை ஒரு பிரிவாகவும், மெதுவான பழைய போர்க்கப்பல்களை மற்றொன்றாகவும் வகுத்திருந்தார். இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தும் ஜப்பானியரைக் காணவில்லை. நீரும் எரிபொருளும் வேண்டி, ஏறத்தாழ 600 மைல் அப்பாலிருந்த மாலைத்தீவின் அட்டுவுக்குத் திரும்பினார். டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கும், விமானந்தாங்கியான ஹெர்மிஸ் திருகோணமலைக்கும் பிரிந்து சென்றன.

ஏப்ரல் 4 நண்பகலில் அவர் அட்டுவை அடைந்தார். அன்று மாலையே நகுமோவின் படை தென்பட்டதாகச் செய்தி! விரைவுப் பிரிவு நள்ளிரவில் கிளம்பியது. மற்றது காலையில்தான் பின்தொடர்ந்தது. 5ஆம் திகதி கொழும்பு தாக்கப்பட்டது. சோமர்வில்லுடன் சேர விரைந்த அவ்விரு கப்பல்களும் அன்றே மூழ்க, 424 பேர் மாண்டனர். 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸும் மூழ்கியது.

திரையில் ஆடுபவனுக்குத் தன் கப்பல்கள் யாவும் ஒருங்கே தெரிகின்றன. சோமர்வில்லுக்கு அந்த வசதி ஏது?

மாணவன் ஆட்டத்தை நிறுத்தினான். ஒவ்வொரு பிரிவிலும் மிக மெதுவாகச் செல்லும் கப்பல் எதுவென்று தாளெடுத்துக் குறிக்கலானான்.