பாடி வாக்காளரும் நமது சங்கங்களும்

நம் மக்கள் கட்சிக் கொடியைக் கண்டு வாக்களிப்பவர்கள். அதன் குணதோஷங்களை ஆராய்பவர்கள் அல்லர் என்று படித்தவர்கள் பலர் குறைகூறக் கேட்கிறோம். இவ்வபிப்பிராயம் சரிதானா என்பதைச் சென்னையின் மேற்குப் புறத்திலுள்ள பாடியைக் கொண்டு ஆராய்வோம். எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று.

திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இங்குதான் உள்ளது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதியில், 1960-களில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் எழுந்தன. அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடியேறினர். கழனியை நம்பியிருந்த கிராமம் மாதச் சம்பளத்தை நம்பும் நகரமாயிற்று.

2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் அம்பத்தூர் புதிய சட்டமன்றத் தொகுதியாக உருவாயிற்று. பாடியும் அடங்கிய அத்தொகுதி 2011-இலும் 2016-இலும் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது, 2021-இல் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. அம்பத்தூரை உள்ளடக்கிய ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியோ 2009-இல் தி.மு.க.வுக்கும், 2014-இல் அ.தி.மு.க.வுக்கும், 2019-இலும் 2024-இலும் மீண்டும் தி.மு.க.வுக்கும் வெற்றி அளித்தது. இங்கே வாக்கு எக்கட்சிக்கும் பரம்பரைச் சொத்தாக இருக்கவில்லை என்பது தெளிவு.

சலுகைக்கு வாக்கு என்று சொல்வாரும் உளர். கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் மூன்று முறை பெருமளவில் தள்ளுபடி செய்யப்பட்டன. 2006-இல் 6,866 கோடி ரூபாய். 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி. மூன்றாவது தள்ளுபடியை அறிவித்த அ.தி.மு.க. அரசு, அடுத்து வந்த தேர்தலிலேயே ஆட்சியை இழந்தது. ஆகவே ஒரு சலுகை மட்டுமே மாநிலத்தின் தீர்ப்பை நிர்ணயித்துவிடுவதில்லை. ஆனால் ஒழுங்காகத் தவணை கட்டிய அங்கத்தினர் தாம் ஏமாந்ததாக எண்ணும் நிலையை அது நம் சங்கங்களில் விட்டுச் செல்கிறது. இதைக் கூட்டுறவாளர் மறக்கலாகாது.

பொதுத் தேர்தலில் இவ்வளவு சுதந்திரமாக நடக்கும் மனிதர், தம் சங்கத்துத் தேர்தலில் ஏன் வாய் திறப்பதில்லை? காரணம் கடினமானதன்று. வாக்குச் சாவடியில் மறைப்பு உண்டு. எவருக்கு வாக்களித்தார் என்பதை ஒருவரும் அறியார். சங்கத்திலோ எல்லோரும் அண்டை வீட்டார். நெசவாளருக்கு நூலும் கூலியும், விவசாயிக்குக் கடனும் உரமும் அங்கிருந்தே வரவேண்டும். முன்னதாகவே கட்சிவாரியாக இடங்களைப் பங்கிட்டுக்கொண்டு, 'போட்டியின்றித் தேர்வு' என்று பட்டியலை நீட்டினால், எதிர்த்து நிற்க யார் துணிவார்? ஆளுக்கொரு வாக்கு என்னும் கூட்டுறவின் உயர்ந்த விதி அங்கே ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

தேர்தலே நடவாதிருப்பது அதனினும் கேடு. பாடி மக்கள் இதை அனுபவித்து அறிந்தவர்கள். அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை வார்டு உறுப்பினரே இல்லை. தெருச் சாக்கடை பற்றிக் கேட்பதற்குக்கூட மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாது போயிற்று. கூட்டுறவிலும் 2018-இல் தேர்வான நிர்வாக சபைகளின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தனி அலுவலர் எவ்வளவு நேர்மையானவராயினும், அவர் மேலதிகாரிக்குக் கணக்குக் கொடுப்பவரே அன்றி, அங்கத்தினருக்குக் கணக்குக் கொடுப்பவர் அல்லர். தணிக்கைப் பணியில் உள்ள நாமே இதைச் சொல்கிறோம்.

1904-இல் இதே வட்டாரத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றியது, ஏழை உழவர் தம் காரியத்தைத் தாமே நடத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே. அந்நோக்கம் நிறைவேற, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தேர்தலுக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கை பொதுச் சபையில் படிக்கப்பட்டதா? தவணை தவறிய கடன்களில் நிர்வாகிகளுடையவும் அவர்தம் உறவினருடையவும் எத்தனை? நிற்பவர் சங்கத்தோடு தாமே வரவு செலவு வைத்து நடத்துகிறவரா? இவற்றிற்கு விடை கிடைத்த பின்னர், அவர் எக்கட்சியைச் சேர்ந்தவர் என்று வேண்டுமானால் விசாரிக்கலாம்.

அங்கத்தினர் கட்சியில் சேர்வது அவர் உரிமை. ஆனால் கட்சியின் தராசால் சங்கத்தின் சரக்கை நிறுத்தல் ஆகாது. சட்டமன்றத்திற்குத் தாம் அனுப்பியவரை அடுத்த முறை மாற்றத் துணியும் பாடி வாக்காளரின் மனத்திண்மை, நம் சங்கங்களின் பொதுச் சபையிலும் தோன்ற வேண்டும். அதற்கு முதற்படி, அடுத்த பேரவைக் கூட்டத்திற்குத் தவறாது வருவதேயாகும்.