நூரம்பேர்க் பந்தயத் திடலும் பிந்தி வந்த விதியும்

கார்ப் பந்தயத்தைப் பற்றி ஒருநாள் எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் 2021 ஒக்டோபரில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் நிறைவடைந்த டி.ரி.எம். பந்தயத் தொடரை வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அது எழுப்பிய கேள்வி, நீதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. விதி தடுக்காத ஒரு செயல், அதனாலேயே நேர்மையானதாகி விடுமா?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டி.ரி.எம். ஜேர்மனியின் முதன்மையான கார்ப் பந்தயத் தொடர். பெரும் கார் நிறுவனங்கள் தாமே அணிகளை இறக்கிய காலம் போய், 2021இல் தனியார் அணிகள் ஜி.ரி.3 வகைக் கார்களை ஓட்டும் புதிய முறை வந்தது. 8 இடங்களில் 16 போட்டிகள். இத்தாலியின் மொன்சாவில் நடந்த முதற்போட்டியிலேயே வென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த 19 வயது லியம் லோசன். பெராரி கார் ஓட்டிய அவர், கடைசிப் போட்டிக்கு வந்தபோது புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். தென்னாபிரிக்காவின் கெல்வின் வான் டெர் லின்டே அவுடியிலும், ஜேர்மனியரான மக்ஸிமிலியன் கோட்ஸ் மேர்சிடிஸிலும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தனர்.

கடைசிப் போட்டியில் முன்வரிசையின் முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் லோசன்தான். ஆனால் முதல் வளைவிலேயே உட்புறமாகப் பாய்ந்த வான் டெர் லின்டேயின் கார் அவரை மோதியது. சேதமடைந்த காரோடு லோசனால் புள்ளி பெறும் இடத்துக்கு மீண்டும் வரமுடியவில்லை.

இரண்டாவது அடி போட்டியின் இறுதிக்கட்டத்தில் விழுந்தது. முன்னே சென்றுகொண்டிருந்த லூக்காஸ் அவுவரும் பிலிப் எலிஸும் கோட்ஸுக்கு வழிவிட்டனர். மூவரும் ஓட்டியது மேர்சிடிஸ் கார்கள். ஆனால் மூவரும் ஒரே அணியினர் அல்லர். கோட்ஸ் ஓர் அணி, மற்ற இருவரும் வேறோர் அணி. நிறுவனத்தின் பெயர் மட்டுமே பொது. கோட்ஸ் வென்றார். 3 புள்ளி வித்தியாசத்தில் பட்டமும் அவருடையதாயிற்று.

இப்படி வழிவிடுவதை அப்போதைய விதி தடுக்கவில்லை. எனவே முடிவு செல்லுபடியானது. கோட்ஸ் ஆண்டு முழுவதும் சீராகப் புள்ளி சேர்த்தவர் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பார்த்தவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த பருவத்துக்கு முன்னர் அணிக் கட்டளைகளைத் தடைசெய்யும் விதியை அமைப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். நடந்தது சரியல்ல என்பதற்கு அதைவிட வேறு ஒப்புதல் தேவையில்லை. ஆயினும் பட்டம் இடம் மாறவில்லை.

இத்தனையும் நடந்த இடத்தை இனிக் கவனிக்க வேண்டும். நோரிஸ்றிங் என்று அழைக்கப்படும் அந்த 2.3 கிலோமீற்றர் வீதிச் சுற்றில் பார்வையாளர்கள் அமரும் கற்படிகள், ஹிட்லரின் கட்சி மாநாடுகளுக்காக அல்பேர்ட் ஸ்பேர் வடிவமைத்தவை. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935இல் மாநாட்டு நாட்களின்போதே இந்த நகரில் பிரகடனப்படுத்தப்பட்டன. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் அந்தப் படிகளின் உச்சியில் இருந்த சுவஸ்திகாவை வெடிவைத்துத் தகர்த்தனர். 1947 முதல் அதே இடத்தில் பந்தயங்கள் நடக்கின்றன.

பந்தயம் இல்லாத ஒருநாளில் நான் அங்கே போயிருக்கின்றேன். படிகளின் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. சிலர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். போரில் இருந்து தப்பி வந்த எனக்கு அங்கே அமர மனம் வரவில்லை.

அதே நகரின் நீதிமன்றத்தில்தான் 1945 நவம்பரில் நாசித் தலைவர்கள் மீதான விசாரணை தொடங்கியது. அவர்கள் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன வாதங்கள் இரண்டு. செயல் நடந்தபோது அதைக் குற்றமாக்கும் சட்டம் இருக்கவில்லை என்பது ஒன்று. மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றினோம் என்பது மற்றையது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. படிகளை வடிவமைத்த ஸ்பேருக்கு 20 ஆண்டுகள் சிறை கிடைத்தது.

ஒரு கார்ப் பந்தயத்தை இனப்படுகொலையோடு ஒப்பிடுவது அபத்தம். விளையாட்டில் விதியைப் பின்னோக்கிச் செலுத்தக்கூடாது என்பதும் நியாயமே. போட்டி முடிந்தபின் புதிய விதியால் பட்டத்தைப் பறித்தால் எந்த வெற்றியும் நிலைக்காது. ஆனால் மனித உயிர்கள் என்று வரும்போது அந்த நியாயம் நிற்காது என்பதைத்தான் நூரம்பேர்க் உலகுக்குச் சொன்னது. "சட்டத்தில் இடமில்லை" என்ற பதிலைக் கேட்டுக் களைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. லோசன் இழந்தது ஒரு கிண்ணம். அவருக்கு அடுத்த பருவம் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு அடுத்த பருவம் என்று ஒன்று இல்லை.

இன்னொன்றும் உண்டு. சிதைந்துவரும் அந்தப் படிகளை அழியவிடுவதா, காப்பதா என்று ஜேர்மனியில் நீண்ட விவாதம் நடந்தது. அழகுபடுத்தாமல், நடந்ததற்குச் சாட்சியாக நிலைக்கச் செய்வது என முடிவாகி, 85 மில்லியன் யூரோ செலவில் திட்டம் வகுக்கப்பட்டது. குற்றம் இழைத்தவர்களின் மேடையையே அவர்கள் பாதுகாக்கின்றார்கள். நூரம்பேர்க்கில் அந்தப் பந்தயம் நடந்த அதே 2021இன் ஜனவரியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதிக்கப்பட்டவர்களின் நினைவுத்தூபி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது.

பிந்தி வந்தாலும், பந்தயத்துக்கு ஒரு விதி வந்துவிட்டது. நாங்கள் இன்னமும் காத்திருக்கின்றோம்.