தீவுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு



தறி வேலைக்கு நடுவே சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்த என் பழைய மாணவர்கள் மூவர் நேற்று ஆரணி வீட்டுக்கு வந்தார்கள். "சார், அந்தமானில் ஸ்கூபா டைவிங் பண்ணப் போறோம். ஹேவ்லாக் போகலாமா, நீல் தீவு போகலாமா?" என்று கேட்டார்கள்.

என் கருத்து: நீல் தீவு. 2018இல் அதற்கு ஷஹீத் தீவு என்றும், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக்கில் டைவிங் நிலையங்கள் அதிகம், கூட்டமும் அதிகம். முதல் முறை இறங்குபவர்களுக்கு நீல் போதும். சிறிய தீவு, வாடகைச் சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) அரசுக் கப்பலில் போனால் தனியார் கப்பலைவிடச் செலவு குறையும். அறையிலும் சாப்பாட்டிலும் சிக்கனமாக இருங்கள்.

கடலுக்குள் இறங்கும் விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் உண்டா என்று கேளுங்கள். ஆஸ்துமா, காது வலி இருந்தால் மறைக்காதீர்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் டைவிங் வேண்டாம். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரே போனதும் குமிழியாகி ஆளையே முடக்கிவிடலாம். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று அவசரப்படாதீர்கள்.

தறியில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். மூச்சு அப்படியல்ல.

ஏற்கெனவே போய்வந்த பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இவர்களுக்கு உதவும்.