ஏகோஜி விட்டுச் சென்ற காகிதங்கள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர்களுக்கு அடுத்திருக்கும் மல்லேஸ்வரத்தின் காடு மல்லேஸ்வரர் கோயில் புதிதல்ல. பிரதோஷத்துக்குப் போகிறார்கள், கும்பிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே பாறையில் வெட்டப்பட்ட கன்னடக் கல்வெட்டு கண்ணில் பட்டாலும் கருத்தில் பதிவதில்லை. 1669-இல் ஏகோஜி என்ற மராட்டியர், மேதரனிங்கனஹள்ளி என்ற ஊரை மல்லபுரத்து மல்லிகார்ஜுனருக்கு மானியமாக விட்ட செய்தி அது. அடுத்த ஏழே ஆண்டுகளில் இதே ஏகோஜி தஞ்சாவூருக்கு ராஜா.

1638-இல் பீஜப்பூர் படை, கெம்பே கவுடா வம்சத்தாரிடமிருந்து பெங்களூரைப் பறித்தது. ஊர், தளபதி ஷாஜி போன்ஸ்லேக்கு ஜாகீராகப் போனது. அவருடைய ஒரு மகன் சத்ரபதி சிவாஜி. மற்றொரு தாரத்தின் மகன் ஏகோஜி. 1664-இல் ஷாஜி இறந்ததும் பெங்களூர் ஏகோஜியின் கைக்கு வந்தது. தஞ்சை நாயக்கர் தகராறில் பீஜப்பூர் சுல்தானின் ஆளாகத் தலையிடப் போனவர், 1676-இல் தாமே அரியணையில் அமர்ந்துவிட்டார். 1687-இல் பெங்களூரைப் பிடித்த முகலாயர்கள், பிறகு அதை மைசூர் சிக்க தேவராஜ உடையாருக்கு விலைக்குக் கொடுத்தார்கள். தஞ்சை மட்டும் 1855-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொள்ளும் வரை போன்ஸ்லே குடும்பத்திடம் இருந்தது.

அந்தக் குடும்பம் எழுதிக் குவித்தது. இரண்டாம் சரபோஜி 1803-இல் பெரிய கோயில் சுவரிலேயே குலவரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்தார். அரண்மனைக் கச்சேரியின் அன்றாடக் கணக்குகளோ நூற்றுக்கணக்கான கட்டுகளாக சரஸ்வதி மகாலில் சேர்ந்தன. சத்திரத்தில் சோறு போட்ட செலவு, வைத்தியருக்குக் கொடுத்த சம்பளம், 1820-இல் சரபோஜி காசிக்குப் புறப்பட்ட யாத்திரை எல்லாம் அந்தக் காகிதங்களில் உண்டு. 1918-இல் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால் கட்டுகள் திறந்துகொள்ளவில்லை. காரணம், அவை மோடி எழுத்தில் இருந்தன.

மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதக் கணக்கர்கள் கையாண்ட எழுத்து. தாளில் நெடுகக் கோடு போட்டுவிட்டு, பேனாவை அதிகம் தூக்காமல் எழுதிக்கொண்டே போவார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. இகர, உகரங்களில் குறில் நெடில் வித்தியாசமும் தெரியாது. மகாராஷ்டிரத்திலேயே அது வழக்கொழிந்துவிட்டது. தஞ்சைக் காகிதங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: மராத்தி வாக்கியத்துக்குள் தமிழ்ச் சொற்கள் புகுந்திருக்கின்றன. புனேயில் மோடி படித்தவருக்கு எழுத்து புரியும். கலமும் மரக்காலும் புரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கோ தன் வீட்டுச் சொல்லே அந்த வளைவுகளில் அடையாளம் தெரியாது.

விடிவு தமிழ்ப் பல்கலைக்கழகத்தால் வந்தது. கே.எம். வேங்கடராமையா இந்த ஆவணங்களைக் கொண்டு எழுதிய தஞ்சை மராட்டியர் கால வரலாற்றை 1984-இல் அது வெளியிட்டது. 1989-இல் மோடி ஆவணங்களின் தமிழாக்கமே தொகுதிகளாக அச்சேறியது. மன்னர்களின் பட்டியலாக மட்டும் இருந்த வரலாற்றில் சமையற்காரரும் நட்டுவனாரும் நுழைந்தார்கள்.

ஆனால் தமிழில் வந்தது ஒரு பகுதிதான். இப்போது ஆவணம் என்றதும் ஸ்கேன் செய்வது பற்றியே பேச்சு. அது வேண்டியதுதான், செல்லரிக்கும் காகிதத்தை அது காப்பாற்றும். ஆனால் படிக்க ஆளில்லாத படம், பூட்டிய அறையிலிருந்து கணினிக்கு மாறிய பூட்டு, அவ்வளவே. ஒரு கட்டைப் படமெடுக்கச் சில நாள் போதும். மோடி, மராத்தி, பழைய தமிழ் மூன்றும் அறிந்த ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவருக்குச் சம்பளமும் அவரிடம் பயில மாணவரும் வேண்டும். அந்தச் செலவுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதால் அது தள்ளிப்போகிறது.

இழப்பு தஞ்சைக்கு மட்டுமல்ல. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்த பெங்களூரில், யார் மண்ணின் மைந்தர் என்ற கேள்வி அவ்வப்போது கிளம்பும். அப்போது இரு தரப்பும் பழைய கல்லையும் ஏட்டையும் பட்டாவாக நீட்டுகின்றன. ஏகோஜியின் ஆவணங்கள் அதற்கு உதவாது. மராத்தி பேசியவர் பெங்களூரில் கன்னடத்தில் தானம் எழுதினார். அவர் வம்சம் தஞ்சையில் தமிழ்ச் சொல் கலந்து கணக்கு எழுதியது. இதைத் தெரிந்துகொள்ள மல்லேஸ்வரத்துக் கல்லுக்கும் தஞ்சைக் கட்டுக்கும் இன்னும் சில வாசகர்கள் வேண்டும்.