பிரண்டைக்குக் கத்தி வைக்கும் காலம்

"எங்கள் பிரண்டைக் கொடி சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது; எப்பொழுது வெட்டலாம்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு விடை சொல்ல நமக்குப் பூரண யோக்கியதை உண்டு. வெட்டக் கூடாத காலத்தில் வெட்டி, ஒரு கொடியையே கொன்ற அநுபவம் நமக்கு இருக்கிறது.

நம் தாயார் கல்யாணமாகி வந்தபொழுது, பிறந்த ஊரிலிருந்து ஒரு சாண் பிரண்டைத் துண்டைக் கொண்டுவந்து கொல்லை வேலியோரம் ஊன்றினார். நாற்பது வருஷ காலம் அது படர்ந்து கிடந்தது. ஐந்தாறு வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த தினத்தில், சும்மா இருக்க மனமின்றிக் கத்தியை எடுத்தோம். "மழை ஓயட்டுமடா" என்று தாயார் தடுத்தார். கலாசாலையில் பட்டம் பெற்றவர்களுக்கு அது காதில் ஏறுமா? கொடியை அடியோடு ஒட்ட நறுக்கினோம். பத்தே நாளில் அடிக்கட்டை கொழகொழவென்று அழுகிப் போயிற்று. தாயார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. 'பெற்ற வயிற்றில் பிரண்டையைத்தான் கட்டவேண்டும்' என்று சொல்லியிருந்தாலாவது நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கட்டுவதற்குத்தான் பிரண்டை இல்லையே!

அது ஏன் அழுகிற்று? பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ் 1767-ஆம் வருஷத்தில் இட்ட 'ஸிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்' என்ற பெயர், அதன் நான்கு பட்டைத் தண்டைக் குறிப்பது. அந்தத் தண்டுதான் அதன் தண்ணீர்ப் பானை. இலைகள் சொற்பம், அவையும் சீக்கிரம் உதிரும். பச்சைத் தண்டே பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. இப்படிச் சிக்கனமாகச் சேர்த்த நீர் நிறைந்த தண்டில் கத்தி பட்டால், வெட்டுவாய் உலர்ந்து மூடுவதற்குச் சில நாள் வறண்ட காற்று வேண்டும். அடைமழையில் அது உலர்வதில்லை. பூஞ்சை புகுந்து கணுக்கணுவாகக் கீழே இறங்கிவிடுகிறது.

ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் கத்தி வேண்டாம். மழையும் பனியும் விலகிய மாசி, பங்குனி மாதங்களே கொடியை நன்றாகக் கழிப்பதற்கு ஏற்றவை. சூடு ஏற ஏறக் கொடி துளிர்க்கும். ஆடியில் மழையில்லாத நாளாகப் பார்த்து இன்னொரு முறை இலேசாக ஒழுங்கு செய்யலாம். துவையலுக்குக் கொழுந்து கிள்ளுவதற்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் நாளாக இருந்தால் போதும். கிள்ளக் கிள்ளக் கீழ்க்கணுக்கள் கிளைக்கும்.

வெட்டுமுன் இரு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தண்டிலுள்ள ஊசி போன்ற கால்ஸியம் ஆக்ஸலேட் படிகங்களே அரிப்புக்குக் காரணம். கூரிய கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்து, கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். துளிர்க்கும் மொட்டு கணுவிலேதான் உறங்குகிறது. சுருங்கியவற்றையும் மஞ்சளித்தவற்றையும் முதலில் நீக்கி, பிறகு நீண்டவற்றைக் குறைக்கவும். கொடியைப் பிடித்து இழுத்தால் கணுவில் ஒடிந்துவிடும். பற்றியிருக்கும் சுருள்களை அறுத்துவிட்டு மெதுவாக எடுக்கவேண்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். நாலைந்து நாள் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

வெட்டியதில் எறிவதற்கு ஒன்றும் இல்லை. இளந்தண்டை நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைக்கலாம். வதக்குவதில் அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். சிராத்தத்தில் பிரண்டை ஒன்றே முந்நூறு கறிகாய்களுக்குச் சமம் என்று பெரியோர் சொல்வார்கள். முற்றிய தண்டை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, தலைகீழாகாமல் ஒரு கணு மண்ணில் புதையும்படி ஊன்றினால் வேர் பிடித்துவிடும்.

நம் தாயார் வருஷந்தோறும் பங்குனியில் கழித்த துண்டுகளைத் தெருவில் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து வந்தார். நாம் கொடியை அழித்த வருஷம், எதிர் வீட்டு அம்மாள் ஒரு சாண் துண்டுடன் வந்து, "மாமி, இது நீங்கள் கொடுத்த கொடிதான்" என்றார். தாயார் அதை வாங்கி நம் கையில் கொடுத்து, "மழை விட்டதும் நீயே ஊன்றுடா" என்றார். இன்று அது வேலியை மூடி நிற்கிறது.

நேயருக்கு நாம் சொல்வது இதுதான்: மாசி பிறக்கும்வரை பொறுங்கள். கொடியை வெட்டும் அன்று, அது எட்டிப் பார்த்த அடுத்த வீட்டாருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். பின்னொரு நாள் அது உங்களுக்கே வேண்டியிருக்கலாம்.