எடைக்குக் காசு கொடுத்தா குப்பை எப்படிங்க குறையும்?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா முழுசா படிங்க.

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. நாற்பது வயசுக்கு மேல. எங்க ஊர்ல ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், பதினோரு வருஷமா இதே வேலை. குப்பையைக் கிளறும்போது ஆள்காட்டி விரல்ல ஊசி குத்தியிருக்கு. குத்தி நாலு நாள் ஆச்சு.

"ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?"

"லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போயிடும் சார். சின்ன ஊசிதானே, மஞ்சள் வெச்சுக் கட்டிக்கிட்டேன்."

"ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கீங்களா?"

"கொரோனாவுக்குப் போட்டதா சார்?"

மருத்துவக் கல்லூரியில் எங்களை 30, 3, 0.3 என்று மனப்பாடம் பண்ண வைப்பாங்க. தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வர நூற்றுக்கு 30 வரை வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி என்றால் 3, எச்ஐவி என்றால் 0.3. இது ஆஸ்பத்திரியில் அப்போதுதான் பயன்படுத்திய ஊசிக்கான கணக்கு. குப்பையில் கிடந்த ஊசிக்கு அபாயம் இதைவிடக் குறைவு, அதனால யாரையும் பயமுறுத்தல. ஆனா ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும். அந்த அம்மா வந்தது நாலாவது நாள்.

அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ரத்தப் பரிசோதனை எடுத்து, தடுப்பூசி முதல் டோஸ் போட்டாச்சு. அடுத்த ஆறு மாசம் அவங்க ஒவ்வொரு ரிசல்டுக்கும் காத்திருக்கணும்.

குத்தினது எந்த ஊசின்னு கேட்டேன். "குட்டியா இருக்கும் சார், பேனா மாதிரி ஒண்ணுல மாட்டுவாங்களே." இன்சுலின் பேனா ஊசி. ஏதோ ஒரு வீட்டுச் சமையலறைக் குப்பையில், சாம்பார்ச் சாதத்துக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவுல இருந்து வந்தது.

அதை எழுதிக் கொடுத்தது என்னை மாதிரி ஒரு டாக்டர். நானாகவே இருக்கலாம். காலையில் எத்தனை யூனிட், ராத்திரி எத்தனை யூனிட், வயித்துல எந்த இடத்துல போடணும் எல்லாம் விலாவாரியா சொல்வேன். போட்ட ஊசியை எங்கே போடணும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இது என் தப்பு. முதல்ல அதை ஒத்துக்கிட்டு மத்ததைப் பேசறேன்.

ஏன்னா அன்னைக்கு சாயங்காலமே எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி. ஊர்க் குப்பை மொத்தத்தையும் வெளியூர் கம்பெனி ஒண்ணுக்கு டெண்டர் விடப் போறாங்களாம். பெரிய லாரி, காம்பாக்டர் எல்லாம் வருமாம். டன்னுக்கு இவ்வளவுன்னு காசு. குழுவுல ஒரே கைதட்டல். ஒரு சீனியர், "நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸ் கிடையாது, மெஷின்தான் சரி" என்று எழுதியிருந்தார். சார், மன்னிக்கணும். நீங்க சொல்றது தப்பு.

டன்னுக்குக் காசுன்னா என்ன அர்த்தம்னு கொஞ்சம் யோசிங்க. குப்பை எவ்வளவு கனமோ அவ்வளவு லாபம். மக்கும் குப்பையை வார்டுலயே உரமாக்கினா லாரியில் ஏறும் எடை பாதிக்கு மேல குறையும். அப்புறம் பிரிக்கிறதுல கம்பெனிக்கு என்ன அக்கறை இருக்கும்? மழையில நனைஞ்ச குப்பை, ரோட்டு மண், இடிச்ச வீட்டுக் காரை எல்லாமே அவங்களுக்குக் காசுதான். நீங்க பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு ஒழுங்காப் பிரிச்சுக் கொடுத்ததை அதே லாரியில் ஒண்ணாக் கொட்டுறதைப் பார்த்திருப்பீங்க. பார்த்த மறுநாளே நீங்களும் பிரிக்கிறதை நிறுத்தியிருப்பீங்க. அதுக்குப் பேரு சிவிக் சென்ஸ் இல்லாமையா? ஏமாந்தவங்க எடுக்கிற நியாயமான முடிவுன்னுதான் நான் சொல்வேன்.

கணக்கையே பார்ப்போம். ஒரு லட்சம் பேர் இருக்கிற ஊர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம்னு வெச்சுக்கிட்டா 30 டன். அதுல பாதிக்கு மேல காய்கறித் தோல், மிச்ச சோறு, இலை. அதாவது 15 டன்னுக்கு மேல ஈரக் குப்பையை டீசல் ஊத்தி ஊருக்கு வெளியே கொண்டுபோய் அழுக விடறதுக்கு நாம வரி கட்டுறோம்.

"எரிச்சு கரண்ட் எடுக்கலாமே" என்பாங்க. 1987-இல் தில்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில், ஒரு நாளைக்கு 300 டன் எரிக்கிற ஆலை கட்டினாங்க. மூணு வாரம்தான் ஓடுச்சு. நம்ம குப்பையில் ஈரம் அதிகம், எரிதிறன் கம்மி. ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு பத்த வெச்ச எந்தப் பாட்டியும் இதை இலவசமாச் சொல்லியிருப்பாங்க.

சரி, வேற வழி? இதைவிடச் சின்ன வசதியில் செஞ்சு காட்டின ஊர்கள் இருக்கு.

சத்தீஸ்கர்ல அம்பிகாபூர். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல மக்கள், 48 வார்டு. 2015 வாக்கில் ஆரம்பிச்சாங்க. சுய உதவிக் குழுப் பெண்கள் நானூறு பேருக்கு மேல வீடு வீடாப் போய்க் குப்பை வாங்கறாங்க. அந்தந்தப் பகுதியிலேயே இருக்கிற மையத்துக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கறாங்க. பாட்டில் தனி, பால் கவர் தனி, அட்டை தனி. விக்கிற காசும் வீடுகள் கொடுக்கிற மாதக் கட்டணமும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வருது. பதினாறு ஏக்கர்ல இருந்த பழைய குப்பைமேடு இப்போ பூங்கா. இதுல நமக்கு உறைக்க வேண்டிய விஷயம், அந்தத் திட்டத்துக்கு வழிகாட்டினவர் நம்ம வேலூர்க்காரர் சி. சீனிவாசன். வேலூர்ப் பக்கம் பரீட்சித்துப் பார்த்த முறை அது. இங்கிருந்து போய் அங்கே ஊரே மாறிடுச்சு, நாம இங்கே காம்பாக்டருக்குக் கைதட்டிக்கிட்டு இருக்கோம்.

கேரளாவுல ஆலப்புழை. அந்த ஊர்க் குப்பையெல்லாம் பக்கத்துல சர்வோதயபுரத்துக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. நாத்தம் தாங்காம அந்த மக்கள் லாரியை மறிச்சாங்க. கால்வாய் ஓரமெல்லாம் குப்பை. வேற வழி இல்லாம 2012 கடைசியில் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டம் வந்தது. வீட்டுக் குப்பை வீட்டுலயே, முடியாதவங்களுக்குத் தெருமுனை உரத்தொட்டி. காஞ்ச இலை ஒரு அடுக்கு, ஈரக் குப்பை ஒரு அடுக்கு, நடுவுல சாணக் கரைசல். இவ்வளவுதான் டெக்னாலஜி. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டின ஊர்கள்ல ஆலப்புழையும் ஒண்ணு. அங்கேயும் ஆரம்பத்துல மக்களைத்தான் குறை சொன்னாங்க. ஒழுங்கான ஏற்பாடு வந்ததும் அதே மக்கள்தான் பிரிச்சுக் கொடுத்தாங்க.

"எங்க ஊர்லயும் நுண் உர மையம் கட்டினாங்க டாக்டர், ஒரே நாத்தம், மக்கள் போராடி மூடிட்டாங்க" என்று கமெண்ட் வரும். தெரியும். அந்த மக்கள் போராடினதுல தப்பு இல்லை. உரக்குழியில் நாத்தம் வந்தா உள்ளே காத்து போகலைன்னு அர்த்தம். பாலித்தீன் கவரோட கட்டின குப்பையைக் கொட்டினா காத்து எப்படிப் போகும்? காஞ்ச இலை சேர்த்துக் கிளறிவிட ஆள் வேணும். இருபது பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஆறு பேர். ஷெட்டுக்குப் பணம் ஒதுக்கினவங்க ஆளுக்கு ஒதுக்கலை. நல்லா நடக்கிற குழியில் சூடு 60 டிகிரியைத் தாண்டும், ஈ முட்டையும் பெரும்பாலான கிருமியும் அந்தச் சூட்டுலயே செத்துடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கே குழி இருக்கிறதே தெரியாது.

இப்போ இன்னொரு பக்கம். 'மக்கள் பங்கேற்பு'ன்னு அழகா ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சொல்லிக்கிட்டே பெண்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிறதையும் பார்க்கறோம். "சுய உதவிக் குழுதானே, சேவை மனப்பான்மை" என்பாங்க. எந்தக் கமிஷனர் சேவை மனப்பான்மையில் வேலை பார்க்கிறார்? நானும் ஃபீஸ் வாங்கறேன். அதோட, இந்த வேலை தலைமுறை தலைமுறையா எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்களை அதே நிலைமையில் வெச்சுக்கிட்டு போர்டை மட்டும் 'சமூகத் திட்டம்'னு மாத்தினா, அதுக்கு அந்த டெண்டரே தேவலை. சட்டப்படி கூலி, பிஎஃப், கையுறை, மருத்துவ விடுப்பு. இது இல்லாத திட்டத்துக்கு நான் ஆதரவு இல்லை.

2016 மருத்துவக் கழிவு விதிப்படி ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாளுறவங்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். 0, 1, 6 மாசம், மூணே டோஸ். ஊர்க் குப்பையில் அதே ஊசியை அள்ளுற அம்மாவுக்குப் பதினோரு வருஷத்துல ஒரு டோஸ் கூட இல்லை. வேலைக்குச் சேர்ற அன்னைக்கே முதல் டோஸ் போடணும். டெண்டரோ சுய உதவிக் குழுவோ, இது இல்லாம யாரும் குப்பையில் கை வைக்கக் கூடாது.

"ஒரு டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?" வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் என் கிளினிக் வரிசையைப் பாருங்க. டெங்குக் கொசு சாக்கடையில் வளராது. தூக்கிப் போட்ட டீ கப், இளநீர் ஓடு, டயர்ல தேங்கின நல்ல தண்ணியில வளரும். முட்டை காஞ்சு போனாலும் மாசக்கணக்கில் உயிரோட கிடக்கும், தண்ணி பட்டா பத்து நாளுக்குள்ள கொசு. புகை அடிச்சா பறக்கிற கொசுதான் சாகும், முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் தீ. 2022-இல் பெருங்குடி, 2023-இல் கொச்சி பிரம்மபுரம், 2024-இல் கோவை வெள்ளலூர். இதெல்லாம் டிவியில வந்தது. சின்ன ஊர்கள்ல தினமும் காலையில தெருமுனையில் பிளாஸ்டிக்கோட சேர்த்துக் கொளுத்துறது எந்தச் செய்தியிலும் வராது. அந்தப் புகையைக் குடிச்ச குழந்தை நெபுலைசருக்கு என்கிட்டதான் வருது.

அதனால டெண்டர் விடறவங்களுக்கு ஒரே கேள்வி. டன்னுக்குக் காசு கொடுக்கிறதுக்குப் பதிலா, பிரிச்சு வாங்கின வீட்டுக்கு இவ்வளவுன்னு ஏன் கொடுக்கக் கூடாது? 250 வீட்டுக்கு ஒருத்தர்னு வெச்சா 25,000 வீட்டுக்கு நூறு பேர். நம்ம ஊர்ப் பெண்கள், நம்ம தெரு முகங்கள். யார் வீட்டுல பிரிக்கலைன்னு அவங்களுக்குத் தெரியும், வாசல்லயே கேப்பாங்க. லாரி டிரைவர் கேக்க மாட்டார். இந்தக் கேள்வியை மனுவா எழுதியாச்சு. கையெழுத்துப் போட விருப்பம் இருக்கிற ஊர்க்காரங்க கிளினிக்குக்கு வாங்க, குழுவுல கைதட்டின சீனியர் உட்பட.

கடைசியா, வீட்டுல இன்சுலின் போடுறவங்களுக்கு. ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்ட முயற்சி பண்ணாதீங்க, அதுலயே குத்திக்கிறவங்க நிறைய. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, ஃபினாயில் பாட்டில் மாதிரி ஒண்ணு எடுத்து அதுல போட்டுக்கிட்டே வாங்க. வீட்டு ஊசியைத் தனியாத்தான் கொடுக்கணும். ஆனா வாங்கிக்க எங்க ஊர்ல இடம் இல்லை. அதனால இந்தத் திங்கட்கிழமையில இருந்து என் கிளினிக் வாசல்ல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். முக்கால்வாசி நிறைஞ்சதும் டப்பாவை மூடி, டேப் ஒட்டிக் கொண்டு வந்து போடுங்க. என் பேஷண்டா இருக்கணும்னு இல்லை, டோக்கனும் வேண்டாம். எங்க மருத்துவக் கழிவோட சேர்ந்து அது போயிடும்.

அந்த அம்மாவுக்கு ரெண்டாவது டோஸ் அடுத்த மாசம். அவங்க குழுவுல இன்னும் பதினாலு பேர் இருக்காங்களாம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.